ஐயாவின் வானொலியும் ஓர் இரைச்சலும்

பழைய வானொலிப் பெட்டியொன்றின் எச்சங்களைக் கொண்டு ஒரு வால்வு அம்பிளிபயர் செய்தேன். எல்லாவற்றையும் பற்றாசு வைத்து இணைத்து முடித்து, ஆளியைப் போட்டு, வால்வுகள் சிவக்கும்வரை அரை நிமிடம் காத்திருந்தேன். ஒலிபெருக்கியில் இருந்து முதலில் வந்தது பாட்டும் அல்ல, பேச்சும் அல்ல. நெல் குற்றும் ஆலைக்குப் பக்கத்து வீட்டில் குடியிருப்பது போன்ற ஓர் இரைச்சல். அதை நிறுத்த எனக்கு ஏறக்குறைய ஐந்து மாதங்கள் பிடித்தன. இது அந்த ஐந்து மாதங்களின் கதை.

நான் கலைப்பீடத்தில் படித்தவன். மின்னியலில் எனக்குத் தெரிந்ததெல்லாம் எங்கள் ஊரில் வானொலி திருத்திய ஒருவரின் கடையில், பத்து வயது முதல், வேலையற்று நின்று பார்த்தவை மட்டுமே. ஊரில் எல்லோரும் அவரை 'மாஸ்டர்' என்றே அழைத்தார்கள். எந்தப் பள்ளிக்கூடத்திலும் அவர் படிப்பித்ததாக நான் அறியேன். கழற்றிய வானொலியில் கை வைக்குமுன் அவர் தமது இடக்கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துக்கொள்வார். "ஒரு கையாலை தொட்டால் அடிக்கும், தம்பி. ரெண்டு கையாலை தொட்டால் கொண்டுபோகும்" என்பார். மின்னோட்டம் ஒரு கையால் ஏறி மறுகையால் இறங்கும்போது இதயத்தின் ஊடாகச் செல்லும் என்பதைப் பல ஆண்டுகளின் பின்னரே படித்து அறிந்தேன்.

வானொலி எனது தகப்பனாருடையது. வலிகாமத்தில் இருந்த எங்கள் வீட்டின் கூடத்தில், சுவரில் அடித்த பலகை மீது அது இருந்தது. 1990 இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றபோது அதுவும் வாய்மூடியது. 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது நாங்களும் நடந்தோம். வானொலியைத் தூக்கிச் செல்ல யாருக்கு மனம் வரும்? மறு ஆண்டு திரும்பி வந்து பார்க்கையில் மரப்பெட்டியைக் கறையான் தின்றிருந்தது. தகரச் சட்டமும் வால்வுகளும் இரண்டு நிலைமாற்றிகளும் எப்படியோ தப்பியிருந்தன. ஐயா தப்பவில்லை. சாவகச்சேரிக்கு அப்பால் ஓர் உறவினர் வீட்டில், 1996 தைமாதம் காலமானார். எஞ்சிய சட்டத்தை ஒரு சாக்கில் சுற்றி வைத்தேன். பின்னர் வேலையின் நிமித்தம் கொழும்புக்கு வந்தபோது, காரணம் சொல்லத் தெரியாமலே அதையும் கொண்டுவந்தேன்.

2022 பங்குனியில் நாட்டில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்வெட்டு இருந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்படியான ஓர் இரவில், மெழுகுதிரி வெளிச்சத்தில், சாக்கை அவிழ்த்தேன். மின்சாரமே இல்லாத இரவில் மின்சாரப் பெட்டியைத் திருத்த உட்கார்ந்தவன் என்று மனைவி இன்றும் சொல்லிச் சிரிப்பாள்.

முழு வானொலியையும் உயிர்ப்பிப்பது என்னால் ஆகாத காரியம். மத்திய அலையில் கேட்பதற்கும் இப்போது அதிகம் இல்லை. தமிழோசை 2017 சித்திரையோடு சிற்றலையை விட்டுப் போய்விட்டது. எனவே வானொலிப் பகுதியை விட்டுவிட்டு, ஒலியைப் பெருக்கும் பகுதியை மட்டும் செய்யத் தீர்மானித்தேன். ஒலிபெருக்கியை இயக்கும் ஈ.எல்.84 என்ற வால்வும், ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கும் ஈ.இசட்.80 என்ற வால்வும் ஐயாவின் பெட்டியில் இருந்தவை. அவற்றுக்கு முன்னால் வைக்கும் ஈ.சி.சி.83 மட்டும் புதிது. சிலோவாக்கியாவில் இன்றும் செய்கிறார்கள். நண்பர் ஒருவர் வெளிநாட்டில் இருந்து வரும்போது சட்டைக்குள் சுற்றிக் கொண்டுவந்து தந்தார்.

(தமிழக நண்பர்களுக்கு ஒரு சொல். நாங்கள் நிலைமாற்றி என்பதை நீங்கள் மின்மாற்றி என்பீர்கள். எங்கள் கொள்ளளவி உங்களுக்கு மின்தேக்கி. எங்கள் மீடிறன் உங்களுக்கு அதிர்வெண். மாஸ்டருக்கு இவை எதுவும் தெரியாது. 'ரான்ஸ்போமர்', 'கொண்டன்சர்', அவ்வளவுதான்.)

அவசரமில்லாத பொழுதுபோக்காக இருந்த இந்த வேலை, 2023 இல் அண்ணை கனடாவில் இருந்து வந்து நின்றபோது வேறொன்றாக மாறியது. அவர் தமது பயணப்பெட்டியில் இருந்து ஓர் ஒலிநாடாவை எடுத்து என் கையில் தந்தார். அறுபது நிமிட நாடா. 1993 இல் ஐயா அவருக்குப் பேசி அனுப்பியது. அக்காலத்தில் தொலைபேசி இல்லை. கடிதம் போனால் மூன்று மாதம். கிளாலிக் கடலால் படகில் கொழும்புக்குப் போன ஒருவரிடம் கொடுத்துவிட்டது, எப்படியோ அண்ணையிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

"இதிலை ஐயா என்னை வரச் சொல்லுறார். நான் வரேல்லை" என்றார் அண்ணை. அதற்கு மேல் அவர் எதுவும் பேசவில்லை.

அன்றிரவே பழைய ஒலிநாடாக் கருவியை எனது அம்பிளிபயருடன் இணைத்து இருவரும் கேட்க உட்கார்ந்தோம். இரைச்சல். அதற்குள் எங்கோ ஆழத்தில் ஐயாவின் குரல், கிணற்றுக்குள் இருந்து பேசுவதுபோல. பத்து நிமிடத்தில் அண்ணை எழுந்து போய்விட்டார். திரும்பிக் கனடா போகும்போது நாடாவை என்னிடமே விட்டுச் சென்றார். அதன் பிறகுதான் அந்த இரைச்சலை நான் பகைக்கத் தொடங்கினேன்.

மாஸ்டர் ஒருபோதும் முதலில் கழற்ற மாட்டார். கண்ணை மூடிக் கேட்பார். இரைச்சல் எல்லாம் ஒன்றல்ல என்பது அவர் தந்த முதற் பாடம். எங்கள் நாட்டு மின்சாரம் செக்கனுக்கு 50 முழுச் சுற்றுகள் அலைவது. அது நேரடியாக உள்ளே கசிந்தால் 50 மீடிறனில் ஓர் ஆழ்ந்த முனகலாகக் கேட்கும். நேரோட்டமாக்கும் வால்வு அலையின் இரண்டு பாதிகளையும் ஒரே பக்கத்துக்குத் திருப்பிவிடுவதால் அதற்குப் பின்னால் உள்ள மேடுபள்ளம் செக்கனுக்கு 100 ஆகிறது. அது சற்றுக் கரகரத்த இரைச்சல். ஒன்று மற்றதின் மேல்ஸ்தாயி. சுருதி தெரிந்த காது ஒரு நொடியில் பிரித்துவிடும். எனக்கு அந்தக் காது இல்லை. எதிர்வீட்டில் பிள்ளைகளுக்குச் சங்கீதம் சொல்லிக் கொடுக்கும் ரீச்சரை அழைத்து வந்தேன். அவர் சிறிது நேரம் கேட்டுவிட்டு, "ரெண்டும் இருக்கு. மேல்தான் கூட" என்றார். அப்பாடா என்றிருந்தது.

மேல் என்றால் மின்வழங்கல். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழைப் பூச்சியத்துக்குத் திருகினேன். இரைச்சல் குறையவில்லை. ஆகவே அது குமிழுக்குப் பின்னால்தான் பிறக்கிறது. ஆளியை நிறுத்தி, கொள்ளளவியில் தேங்கி நிற்கும் மின்னை ஒரு தடையியின் ஊடாக வடியவிட்டு, ஈ.சி.சி.83 ஐப் பிடுங்கிவிட்டு மீண்டும் போட்டேன். சற்றுத் தணிந்தது, போகவில்லை. ஐயாவின் வானொலியில் இருந்த கொள்ளளவியையே நானும் பற்றுடன் வைத்திருந்தேன். அறுபது வயதுக் கொள்ளளவி உள்ளே காய்ந்து போயிருக்கும் என்பது சிறுபிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும். பழையது என்பதற்காக ஒன்றை வைத்திருப்பது வேறு, அதை வேலை வாங்குவது வேறு.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் புதியவற்றை வாங்கப் போனேன். கடைக்காரப் பொடியன் 220 மைக்ரோபரட்டை எடுத்து நீட்டி, "பெரிசாப் போடுங்கோ ஐயா, சத்தம் சுத்தமா நிண்டிடும்" என்றான். நியாயமான பேச்சுத்தான். ஆனால் ஈ.இசட்.80 இன் தயாரிப்பாளர் தரவில் அதற்கு அடுத்து வைக்கும் முதற் கொள்ளளவி 50 மைக்ரோபரட்டுக்கு மேற்படக்கூடாது என்று இருக்கிறது. அதைவிடப் பெரிய வயிற்றை நிரப்ப முயன்றால் வால்வுக்குள் தீப்பொறி பாய்ந்து அது செத்துவிடலாம். ஐயாவின் வால்வு. எனவே முதலில் 47, பிறகு 220 ஓம் தடையி ஒன்று, அதற்குப் பின்னால் 100. எல்லாம் 450 வோல்ற் தாங்குபவை. அன்றிரவு கரகரப்பு முக்கால் பங்கு போயிற்று.

அது போன பின்னர்தான் முனகல் தனியாகக் கேட்டது. பெரிய சத்தக்காரர் எழுந்து போன கூட்டத்தில் மூலையில் இருந்தவர் பேசுவது கேட்பதுபோல. ஈ.சி.சி.83 ஐப் பிடுங்கினால் அது நின்றது. திரும்ப வைத்தால் வந்தது. இம்முறை குற்றவாளி வால்வைச் சூடாக்கும் இழைக்குப் போகும் 6.3 வோல்ற் கம்பி. பழைய வானொலிகளில் இதற்கு ஒரு கம்பியை மட்டும் இழுத்து, மறுமுனையைத் தகரச் சட்டத்தோடு இணைத்துவிடுவார்கள். செலவு மிச்சம். நானும் அப்படியே பார்த்து எழுதினேன். அதனால் சட்டம் முழுவதிலும் அந்த ஆடலோட்டம் ஓடி, மிக நுண்ணிய ஒலியைக் கையாளும் முதல் வால்வைத் தொட்டுக்கொண்டிருந்தது. இரண்டு கம்பிகளைக் கயிறுபோல இறுக முறுக்கிச் சட்டத்தின் மூலையோடு ஒட்டிக் கொண்டுபோனேன். இரு முனைகளில் இருந்தும் 100 ஓம் தடையி ஒவ்வொன்றை எடுத்துப் புவித்தொடுப்பில் சேர்த்தேன். ஒரு கம்பி ஏறும்போது மற்றது அதே அளவு இறங்குவதால் ஒன்றின் குழப்பத்தை மற்றது அழித்துவிடுகிறது.

இன்னொரு காரணம் எளிதில் பிடிபட்டது. நாடாக் கருவியின் கம்பியைச் செருகும் துளையின் உலோக உடம்பு சட்டத்தில் முட்டிக்கொண்டிருந்தது. அதே துளையில் இருந்து புவித்தொடுப்புக்குத் தனிக்கம்பி ஒன்றும் ஓடியது. திரும்பிப் போக இரண்டு பாதைகள் இருந்தால் அவை ஒரு வளையமாகி, பக்கத்தில் உள்ள நிலைமாற்றியின் காந்தப் புலத்தை உறிஞ்சிக்கொள்ளும். பிளாஸ்ரிக் வளையம் ஒன்றைப் போட்டுத் துளையைச் சட்டத்தில் இருந்து பிரித்தேன். இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை: இரைச்சல் போகும் என்று சொல்லி மூன்று முனைச் செருகியின் புவிக் கம்பியை வெட்டிவிடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். இரைச்சலோடு ஆளும் போகக்கூடும். செய்யாதீர்கள்.

கடைசி இரைச்சல் என்னைப் பேயைப் பார்த்தவன்போல் ஆக்கியது. எல்லாம் திருத்திய பின்னரும் மெல்லிய முனகல் ஒன்று. ஈ.சி.சி.83 ஐ எடுத்தேன், இருந்தது. ஈ.எல்.84 ஐ எடுத்தேன், இருந்தது. இறுதியில் ஈ.இசட்.80 ஐயும் எடுத்துவிட்டேன். இப்போது ஒலிபெருக்கிக்குப் போக உயரழுத்த மின்சாரமே கிடையாது. ஆனாலும் காதை அருகே வைத்தால் முனகல் கேட்டது! ஒரு வால்வும் இல்லாத அம்பிளிபயர் பாடுகிறது. மாஸ்டரின் கடையில் கண்ட ஒரு காட்சி அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவர் ஒலிபெருக்கிக்கான சிறிய நிலைமாற்றியைக் கையில் பிடித்து, இணைத்தபடியே, குழந்தையைத் திருப்புவதுபோல அங்குமிங்கும் திருப்பி ஓரிடத்தில் நிறுத்தி அடையாளமிடுவார். மின்வழங்கல் நிலைமாற்றியின் காந்தப் புலம் சிறியதற்குள் காற்று வழியாகவே பாய்கிறது. ஆணிகளைக் கழற்றி, சிறியதைச் செங்கோணமாகத் திருப்பினேன். ஒலிபெருக்கி ஊமையானது. ஆளி போட்டிருக்கிறதா என்று ஒருமுறை குனிந்து பார்த்தேன்.

நாடாவைப் போட்டேன்.

இரைச்சல் கேட்டது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. நாடாவை நிறுத்தினால் அமைதி. வேறொரு பாட்டு நாடாவைப் போட்டால் பாட்டு மட்டும். இதைப் போட்டால் ஐயாவோடு சேர்ந்து ஒரு வண்டின் ரீங்காரம். அதைவிட விசித்திரம், அதன் சுருதி ஓரிடத்தில் நிற்கவில்லை. ஏறியது, இறங்கியது, சற்று நின்று மீண்டும் ஏறியது. மின்சார சபையின் இரைச்சல் அப்படிச் செய்யாது. 50 என்றால் 50 தான். அப்படியானால் 1993 இல் எங்கள் வீட்டில் மின்சாரம் எங்கிருந்து வந்தது?

எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது. நான் அதை மறந்தே போயிருந்தேன். மின்கலங்களுக்குத் தடை இருந்த காலம் அது. செய்தி கேட்பதென்றால் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, ஒருவர் மிதிக்க, டைனமோவில் இருந்து வரும் மின்சாரத்தில் வானொலி இயங்கும். மாலையில் தமிழோசையும் வெரித்தாசும் யாழ்ப்பாணத்து வீடுகளில் அப்படித்தான் ஒலித்தன. மாஸ்டர் நான்கு டயோட்டுகளையும் ஒரு கொள்ளளவியையும் ஒரு பால்மாத் தகரத்தில் வைத்து எங்களுக்கும் ஒன்று செய்து தந்திருந்தார். ஐயா அறைக்குள் இருந்து பேசினார். சைக்கிள் சத்தம் விழக்கூடாது என்று கதவைச் சாத்தச் சொன்னார். கதவுக்கு வெளியே, விறாந்தையில் இருந்து மிதித்தவன் நான். சத்தம் கதவால் போகவில்லை. கம்பியால் போயிருக்கிறது.

அதனால்தான் ஐயா அண்ணைக்கு என்ன சொன்னார் என்பது அன்று எனக்குத் தெரியாது.

முதற் பக்கம் முடிய இரண்டு மூன்று நிமிடங்கள் இருக்கையில் ரீங்காரம் இறங்கத் தொடங்குகிறது. நான் களைத்திருக்கிறேன். மிதிக்கும் வேகம் குறைந்தால் டைனமோவின் மீடிறன் குறையும். மீடிறன் குறைந்தால் ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடைப்பட்ட பள்ளத்தை அந்தச் சிறிய கொள்ளளவியால் நிரப்ப முடியாது. ஆகவே சத்தம் தாழ்வதோடு பெரிதாகவும் ஆகிறது. வண்டு உறுமலாகிறது. சரியாக அந்த இடத்தில்தான் ஐயா குரலைத் தாழ்த்துகிறார். "நீ வரோணும்" என்பது தெளிவாகக் கேட்கிறது. பிறகு உறுமல்.

முப்பது ஆண்டுகளாக ஒலிநாடாக்களில் இருந்து மற்றவர்களின் பேச்சை எழுத்துக்கு மாற்றியவன் நான். விளங்காத இடத்தில் அடைப்புக்குறிக்குள் மூன்று புள்ளி போட்டுவிட்டு நகர்ந்துவிடுவது பத்திரிகை வழக்கம். அன்று நகரவில்லை. பதினொரு தடவை திருப்பிக் கேட்டேன். தமிழில் வினை கடைசியில்தான் வருகிறது. வாக்கியம் முடியும்வரை, சொல்பவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று தெரியாது.

"நீ வரோணும் எண்டு நினையாதை, ராசா. அங்கை இரு."

வால்வுக்கு இதில் மாயம் ஒன்றும் இல்லை. இரைச்சல் இல்லாத எந்தக் கருவியிலும், பொறுமையோடு கேட்டால், இது கேட்டிருக்கும். அண்ணை அந்நாளில் வைத்திருந்தது கையடக்கமான ஒரு மலிவுக் கருவி. அதையும் அவர் இரண்டு தடவைக்கு மேல் கேட்கவில்லையாம். 'வரோணும்' என்ற சொல்லோடு நிறுத்தியிருக்கிறார்.

அப்போது ரொறன்ரோவில் காலை. வட்ஸ்அப்பில் அழைத்து, தொலைபேசியை ஒலிபெருக்கிக்கு முன்னால் பிடித்தேன். "ஒண்டும் கேக்கேல்லை, தம்பி" என்றார். உறுமலைச் சத்தம் என்று எண்ணித் தொலைபேசி அதை வெட்டும்போது அதனோடு ஐயாவின் தாழ்ந்த குரலையும் வெட்டிவிடுகிறது. அந்தப் பகுதியைத் தனியே பதிந்து அனுப்பினேன். கணினியால் இரைச்சலை அகற்றித் தரலாம் என்று மகன் சொன்னான். வேண்டாம், உள்ளபடியே போகட்டும் என்றேன்.

மறுநாள் இரவுதான் அண்ணை எடுத்தார். நெடுநேரம் ஊர்க்கதை பேசினார். அம்மன் கோயில் திருவிழா, மதில் கட்டுவது, பக்கத்துக் காணி. நானும் கேட்கவில்லை. வைக்கப் போகும் நேரத்தில், "அதிலை ஒரு சத்தம் வருகுதே, ஏறி இறங்கிக்கொண்டு. அது என்ன?" என்றார்.

"நான் சைக்கிள் மிதிச்ச சத்தம்."

"நீயோ? அரை மணித்தியாலமும் மிதிச்சனியோ?"

"ரெண்டு பக்கமும், அண்ணை."